பூவைக் காட்டுங்கள், இடத்தைக் காட்டாதீர்கள்!

பொதிகையில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறினால் காடு விலகி, புல்லும் பாறையுமான சரிவுகள் தொடங்கும். மேகம் வந்து மோதிப்போகும் அந்தச் சரிவுகளில், பாறை இடுக்கில் சேர்ந்த மக்கில் வேரூன்றி ஒரு செடி வாழ்கிறது. புள்ளியோ கோடோ இல்லாத பச்சை இலைகள். நடுவிலிருந்து எழும் ஒற்றைத் தண்டின் நுனியில் ஒரே ஒரு பூ. மஞ்சள் இதழ்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் அடர்பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. கீழே பொன்மஞ்சளில் ஒரு சிறு பை.

பாபியோபெடிலம் ட்ரூரி. தென்னிந்தியாவின் ஒரே ஸ்லிப்பர் ஆர்க்கிட். இதே பேரினத்தின் மற்ற செடிகளை இந்தியாவில் பார்க்க வேண்டுமென்றால் வடகிழக்கு மாநிலங்களுக்குத்தான் போக வேண்டும். இந்த இனமோ, தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும், பொதிகை அடங்கிய அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

1865-ல் அன்றைய திருவிதாங்கூர் மலைகளில் ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் கண்ணில் பட்டது. 1874-ல் அவர் பெயரையே சூட்டி அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதன் பிறகு நீண்ட காலம் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்றுகூட நினைத்தார்கள். 1970-களில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. தாவரவியலாளர்கள் கொண்டாடிய அதே சேதி, செடி சேகரிப்பவர்களின் காதுக்கும் போனது. அவர்களும் மலையேறினார்கள். அவ்வப்போது மூளும் காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. இன்று சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இது அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். யாருக்கும் தெரியாமல் இருந்தவரை பிழைத்துக் கிடந்த செடிக்கு, தெரிந்த பிறகுதான் கேடு வந்தது.

அரிய தாவரங்களை ஆவணப்படுத்துவது பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் பேசவேண்டியது இதைத்தான்.

ஆறு தசமம் போதும்

ஒரு செடியை முறையாக ஆவணப்படுத்துவது எளிதான வேலை இல்லை. இலையின் நீள அகலம், பூவின் ஒவ்வொரு பாகத்தின் அளவு, உயரம், சரிவின் திசை, மண், பக்கத்தில் வளரும் செடிகள், பூத்த தேதி, காய் பிடித்ததா இல்லையா என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். ஆர்க்கிட் பூவை அழுத்திக் காயவைத்தால் அதன் வடிவம் கெட்டுவிடும். அதனால் ஒரு பூவைச் சாராயக் குப்பியில் தனியாகப் போட்டு வைப்பார்கள். உலர்தாவரத் தாளின் மூலையில் ஒரு சீட்டு ஒட்டப்படும். யார் எடுத்தது, என்றைக்கு, எங்கே என்ற மூன்றும் அதில் இருந்தாக வேண்டும் என்பது பழைய மரபு.

அந்த மூன்றாவது கேள்வியில்தான் இன்றைக்குச் சிக்கல். நூறு ஆண்டுகளுக்கு முன் ‘திருவிதாங்கூர் மலைகள்’ என்று எழுதினால், தேடிப் போகிறவன் ஆயுள் முழுக்கத் தேட வேண்டும். இன்று செல்பேசியில் எடுக்கும் படத்துக்குள்ளேயே அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்துவிடுகின்றன. பாகையின் ஐந்தாவது தசமம் என்பது தரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆறாவது தசமத்தில் செடி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். லொக்கேஷனை அணைத்துவிட்டாலும், பூவுக்குப் பின்னால் தெரியும் மலைமுகட்டின் வடிவத்தை வைத்தே சரிவைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

இது வெறும் பயம் இல்லை. வடக்கு வியட்நாமின் சுண்ணாம்புப்பாறை மலைகளிலிருந்து பாபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்ற இனம் 1999-ல் அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள், அது இருந்த இடங்களைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். 2010-ல் அதே நாட்டில் பாபியோபெடிலம் கான்ஹி என்ற குட்டிச் செடி அறிவிக்கப்பட்டது. அதற்கும் அதே கதிதான். பெருவின் ஆண்டிஸ் சரிவுகளில் 2002-ல் ஃப்ராக்மிபீடியம் கோவாச்சி கிடைத்தது. உள்ளங்கையை மூடும் ஊதாப் பூ. சேதி பரவிய வேகத்தில், தெரிந்த இடங்களில் இருந்த செடிகள் மூட்டை மூட்டையாக இறங்கின. மூன்று கதைகளிலும் பெயர் சூட்டுவிழாவுக்கும் கொள்ளைக்கும் நடுவே இருந்த இடைவெளி மிகக் குறைவு.

எடுத்தால் திரும்பாது

புல்லையோ புதரையோ பிடுங்கினால் அடுத்த மழைக்குத் தழைக்கும். ஆர்க்கிட் அப்படி இல்லை. அதன் விதை தூசியைப் போன்றது; முளைப்பதற்குத் தேவையான உணவு விதைக்குள் கிடையாது. மண்ணில் இருக்கும் குறிப்பிட்ட பூஞ்சை ஒன்று வந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஆயிரக்கணக்கான விதைகளில் ஒன்றிரண்டு தப்பினாலே பெரிது. அந்த ஒன்றிரண்டும் பூக்கும் பருவத்தை எட்டச் சில ஆண்டுகள் ஆகும்.

பூத்த பிறகும் பாடுதான். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டில் வண்டுக்கும் ஈக்கும் தேன் கிடையாது. நிறத்தையும் மணத்தையும் நம்பி வரும் பூச்சி விளிம்பில் வழுக்கிப் பைக்குள் விழுகிறது. உள்சுவர் வழவழப்பு, வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் மட்டும் மயிர்கள் அடர்ந்து படிக்கட்டாக நிற்கின்றன. அதைப் பிடித்து ஏறினால் முதலில் சூல்முடிக்கு அடியில் நுழைய வேண்டும். பிறகு மகரந்தத்தை உரசிக்கொண்டு ஓர் இடுக்கு வழியே வெளியேற வேண்டும். ஒருமுறை ஏமாந்த பூச்சி இன்னொரு பூவிலும் ஏமாந்தால்தான் காய். பத்துச் செடி இருந்த சரிவில் ஏழைப் பிடுங்கிவிட்டால், மிச்சமிருக்கும் மூன்றுக்கும் இடையே அந்தப் பூச்சி எப்போது போய்ச் சேரும்?

சட்டம் இல்லாமல் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991 திருத்தத்தால் தாவரங்களுக்கென ஓர் அட்டவணை சேர்க்கப்பட்டபோது அதில் இடம்பிடித்தவை ஆறே ஆறு. ஸ்லிப்பர் ஆர்க்கிட்டும் அவற்றில் ஒன்று. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இந்தப் பேரினம் முழுவதும் இருக்கிறது. காட்டிலிருந்து எடுத்த செடியை நாடு விட்டு நாடு விற்பது குற்றம். ஆனால் செடி என்பது யானைத்தந்தமும் புலித்தோலும் அல்ல. ஈரத்துணியில் சுற்றிய நாலு செடி எந்தப் பையிலும் அடங்கிவிடும். சோதனைச்சாவடியில் நிற்கும் காவலருக்கு, பூ இல்லாத ஆர்க்கிட் இன்னொரு பச்சை இலைதான்.

இடத்தை மறைத்தால் நாளைக்கு அங்கே சாலையோ அணையோ வரும்போது தடுக்க ஆதாரம் இருக்காது என்று சில தாவரவியலாளர்கள் வாதிடுகிறார்கள். அந்த ஆதாரம் வனத்துறையிடமும் ஆய்வு நிறுவனத்திடமும் மூடிய பதிவேட்டில் இருந்தால் போதும். ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு முன்மாதிரிகளும் வந்துவிட்டன. அரிய இனங்களின் இருப்பிடத்தை வெளியிடாதீர்கள் என்று 2017-ல் சயின்ஸ் இதழில் ஆஸ்திரேலியச் சூழலியலாளர்கள் இருவர் வெளிப்படையாகவே எழுதினார்கள். பொதுமக்கள் படம் பதிவேற்றும் இயற்கைத் தளங்களில் சில, அருகிய இனம் என்றால் இடக்குறியைத் தாமாகவே இருபது கிலோமீட்டருக்குக் கலைத்துக் காட்டுகின்றன. கேரளத்தின் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம், ட்ரூரியின் நாற்றுகளை ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் பெருக்கி மலையிலேயே திரும்ப நட்டிருக்கிறது. அப்படித் திரும்பிப் போன செடிகளை இன்னொரு முறை காட்டிக்கொடுக்கக் கூடாது.

மலையேறுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அகத்தியமலை என்றில்லை, ஆனைமலையிலும் நீலகிரியிலும் பழனிமலையிலும் தெரியாத ஆர்க்கிட் ஒன்று கண்ணில் பட்டால் தாராளமாகப் படம் எடுங்கள். கேமராவில் லொக்கேஷனை முன்பே அணைத்துவிடுங்கள். பின்னணியில் முகடோ பாதையோ தெரியாதபடி நெருங்கி எடுங்கள். வலைத்தளத்தில் போடுவதென்றால் மாவட்டத்தின் பெயருக்கு மேல் எழுதாதீர்கள், ‘எங்கே ப்ரோ?’ என்று கேட்பவருக்குப் பதில் சொல்லாதீர்கள். சரியான இடத்தை வனச்சரகத்தில் எழுதிக் கொடுங்கள். ஆர்க்கிட் வளர்க்க ஆசையா? நாற்றங்காலில் வளர்ந்த செடிதானா என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். சாலையோரத்தில் வேர் தொங்க விற்கும் காட்டுச் செடியை, இரக்கப்பட்டும் வாங்காதீர்கள்.