வனிலா சோப்பு ஏன் பழுப்பாகிறது?

தேங்காயெண்ணெயில் காஸ்டிக் சோடா கரைசலைக் கலந்து, வனிலா வாசனைத் தைலம் விட்டு, பட்டர் பேப்பர் விரித்த மர அச்சில் ஊற்றி வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கத்தி போட்டபோது மேல்புறம் காப்பி நிறம், உள்ளே வெண்ணெய் நிறம். அறுத்த பக்கமும் ஒரே வாரத்தில் காப்பியாகிவிட்டது. எண்ணெய் சிக்கடித்துவிட்டதோ என்று பயந்து முகர்ந்து பார்த்தேன். இல்லை, வாசனை ஜோராகவே இருந்தது.

குற்றவாளி வனிலின். வனிலா மணத்துக்கு முதல் காரணமான இந்தப் பொருள், பதப்படுத்திய காயில் எடைக்குச் சுமார் 2 சதவீதம் இருக்கும். 1874இல் ஜெர்மனியில் டீமனும் ஹார்மனும் இதை ஊசியிலை மரத்திலிருந்து கிடைக்கும் கோனிஃபெரினைக் கொண்டு தயாரித்துக் காட்டினார்கள். காயிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றுதான். 'இயற்கை வனிலா, கறுக்காது' என்பது வியாபாரப் பேச்சு.

வனிலின் ஒரு ஃபீனால். வீட்டு சோப்பின் காரத்தன்மை பி.ஹெச். 9, 10 அளவில் இருக்கும். அந்தக் காரம் ஃபீனாலிடமிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கிக்கொள்கிறது. மிச்சமிருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனிடம் சுலபமாக மாட்டுகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பழுப்பேறுகின்றன. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதற்கு நொதி வேண்டும். இங்கே காரமும் காற்றும் போதும். காற்றுப் படும் மேல்புறம் முந்திக்கொள்வது அதனால்தான். அவ்வளவு காரமில்லாத லோஷன் மெதுவாகத்தான் மஞ்சளிக்கும்.

'வனிலா ஸ்டெபிலைசர்' என்று ஒரு திரவம் விற்கிறார்கள். உருக்கி ஊற்றும் ரெடிமேட் சோப்புக் கட்டிக்கு அது பரவாயில்லை. பெரும்பாலும் தைலத்தின் அளவுக்கே அதையும் சேர்க்கச் சொல்வார்கள். காஸ்டிக் சோடா போட்டுச் செய்யும் சோப்பிலோ கறுப்பைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும், அவ்வளவுதான். டைட்டானியம் டை ஆக்சைடு பழுப்பை வெளிறவைக்கும், வெள்ளையாக்காது.

வெள்ளை சோப்புதான் வேண்டுமென்றால் தைலம் வாங்கும்போதே வனிலின் எத்தனை சதவீதம் என்று கேட்டுவிடுங்கள். எத்தில் வனிலின் என்றிருந்தாலும் நிறம் மாறும். பெயரில் வனிலா இல்லாத கேக், சாக்லேட் வாசனைகளிலும் இது ஒளிந்திருக்கும். சயாம் சாம்பிராணியில்கூட வனிலின் உண்டு.

நான் சண்டையை விட்டுவிட்டேன். வாசனை சேர்த்த கலவையைக் கீழேயும் சேர்க்காததை மேலேயும் ஊற்றுகிறேன். டபராவில் ஆற்றிய காப்பியும் நுரையும் மாதிரி அழகாக நிற்கிறது. சில வாரத்தில் வனிலின் மேலே கசிந்து, நுரையும் டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடுகிறது.