காப்பி உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

செஞ்சியில் ஒரே கடையில் ஒரே காப்பியைக் குடித்துவிட்டு இரண்டு பேர் ராஜகிரிக் கோட்டை ஏறினால், ஒருவருக்கு அது தெம்பாக இருக்கும். மற்றவருக்குப் பாதிப் படியிலேயே நெஞ்சு படபடக்கலாம். இது மனப்பிரமை அல்ல. காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்வதற்கு மரபணுவும் ஒரு காரணம். குடித்ததில் பாதி நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. அப்படியானால் மாலை 6 மணிக் காப்பியின் காஃபீனில் பாதி, இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்த நேரம் இன்னும் நீளும்.

‘காலங்காலமாகக் குடிக்கிறோமே, என்ன ஆகிவிட்டது?’ என்பார்கள். தமிழ் வீடுகளில் காப்பி பரவலானதே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின்புதான். அதற்காகப் பயந்து ஒதுக்கவும் வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் காஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறது. 150 மில்லி ஃபில்டர் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும். தூளில் சிக்கரி கூடக்கூட அது குறையும், ஏனென்றால் சிக்கரியில் காஃபீனே கிடையாது. ‘நிறுத்தினால் தலை வலிக்கிறது, அதனால் உடம்புக்குக் காப்பி தேவை’ என்ற வாதமும் நிற்காது. அது பழக்கத்தை நிறுத்தியதால் வரும் வலி. சில நாட்களில் போய்விடும். எனவே படிப்படியாகக் குறைத்து, இரண்டு வாரம் தூக்கத்தையும் படபடப்பையும் நெஞ்செரிச்சலையும் கவனியுங்கள். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பியைத் தள்ளிவையுங்கள்; அது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கிறது.