நள்ளிரவில் நீச்சல் ஃபைனல்: நம்ம ஆள் இல்லாத போட்டியில் எதைப் பார்ப்பது?

2024 ஜூலை 31. பாரிஸில் இரவு எட்டரை மணி, நமக்கு நள்ளிரவு 12. மறுநாள் காலை ஆபீஸ் இருக்கிறது. ஆனாலும் ஒலிம்பிக் நீச்சல் ஃபைனலுக்காக போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருந்தவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து வீட்டில் கேட்கும் முதல் கேள்வி: "அதுல இந்தியா இருக்கா?"

இல்லை. பாரிஸில் நீச்சலுக்கு இந்தியாவிலிருந்து போனது இரண்டே பேர்: ஸ்ரீஹரி நடராஜ், 14 வயது தினிதி தேசிங்கு. இருவரும் முதல் சுற்றோடு வெளியேறினார்கள். ஒலிம்பிக் நீச்சலில் இந்தியா இதுவரை ஒரு பதக்கம்கூட வென்றதில்லை.

அப்புறம் எதற்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எட்டு பேர் தண்ணீரை அடித்துக்கொண்டு போவதாகத் தெரிந்தது வேறு ஆட்டமாகிவிடும். அந்த ஒரு இரவை வைத்தே பார்க்கலாம்.

லேன் என்ன சொல்கிறது?

ஃபைனலில் யார் எந்த லேன் என்பது குலுக்கல் அல்ல. அரையிறுதியில் மிக வேகமாக வந்தவருக்கு 4-வது லேன், அடுத்தவருக்கு 5, பிறகு 3, 6, 2, 7, 1, 8. அதனால் ஆரம்பத்தில் நடு லேன்களைக் கவனியுங்கள். ஓர லேனில் ஒருவர் முன்னால் வருகிறார் என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். அவரை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

தண்ணீருக்கு அடியில் என்ன நடக்கிறது?

அன்றைய பெரிய மோதல் ஆண்கள் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை. ஒரு பக்கம் உலக சாதனையைக் கையில் வைத்திருக்கும் ஹங்கேரியின் கிறிஸ்டோஃப் மிலாக். இன்னொரு பக்கம் சொந்த ஊர் ரசிகர்கள் முன் நீந்தும் பிரான்ஸின் லியோன் மார்ஷான், வயது 22.

கடைசி 50 மீட்டருக்குத் திரும்பும்வரை மிலாக்தான் முன்னால். அங்கே பலருக்கும் ஆட்டம் முடிந்த மாதிரி இருந்திருக்கும். ஆனால் மார்ஷான் சுவரை உதைத்துக் கிளம்பி, சீக்கிரம் மேலே வரவில்லை. உடம்பை அம்பு போல நீட்டி, டால்பின் மாதிரி உதைத்தபடி தண்ணீருக்கு அடியிலேயே போனார். மேலே வந்தபோது இடைவெளி சுருங்கியிருந்தது. கடைசி மீட்டர்களில் மிலாக்கைத் தாண்டினார். 1:51.21 எதிர் 1:51.75.

மேற்பரப்பில் நீந்தும்போது உடம்பே அலையை உண்டாக்குகிறது. அந்த அலையே வேகத்தைக் குறைக்கிறது. அடியில் அந்தத் தொல்லை குறைவு. 1988 சியோல் ஒலிம்பிக்கில் பேக்ஸ்ட்ரோக் வீரர்கள் சிலர் 30 மீட்டருக்கு மேல் அடியிலேயே போனார்கள். அதற்குப் பிறகுதான் கட்டுப்பாடு வந்தது. இப்போது பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல் மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும்.

ஆகவே திருப்பம் வந்தால் போனைக் கீழே வைக்காதீர்கள். யார் கடைசியாக மேலே வருகிறார், எவ்வளவு முன்னால் வருகிறார் என்று பாருங்கள்.

0.01 விநாடி என்றால் எவ்வளவு?

முன்னணி வீரர்கள் விநாடிக்குச் சுமார் 2 மீட்டர் போகிறார்கள். அப்படியென்றால் 0.01 விநாடி என்பது 2 சென்டிமீட்டர். 2008 பெய்ஜிங்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 100 மீட்டர் பட்டர்ஃப்ளையை இந்த 2 சென்டிமீட்டரில்தான் வென்றார். 50.58 எதிர் 50.59.

அதற்கும் கீழே ஏன் அளப்பதில்லை? 1972 மியூனிக்கில் அளந்தார்கள். ஆண்கள் 400 மீட்டர் மெட்லேயில் ஸ்வீடனின் குன்னார் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீ இருவருக்கும் 4:31.98. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை போய், 0.002 விநாடியில் லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அந்த வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். 50 மீட்டர் குளத்தைக் கட்டும்போது லேனுக்கு லேன் அதைவிட அதிக வித்தியாசம் வரலாம். யார் வேகம், எந்த லேன் குட்டை என்றே சொல்ல முடியாது. அதனால் விதியை மாற்றினார்கள். இப்போது நேரம் சமம் என்றால் பதக்கமும் சமம். 2016 ரியோவில் பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இருவர் 52.70 விநாடியில் வந்தார்கள், இருவருக்கும் தங்கம்.

பக்கத்தில் யாருமே இல்லையென்றால்?

அப்போது கடிகாரம்தான் எதிராளி. அதே இரவில் அமெரிக்காவின் கேட்டி லெடக்கி 1500 மீட்டரை 15:30.02-ல் முடித்தார். அடுத்தவர் வர 10 விநாடிக்கு மேல் ஆனது.

ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இன்னும் ஆச்சரியம். பாரிஸ் குளம் ரக்பி அரங்குக்குள் தற்காலிகமாக அமைத்தது, ஆழம் சுமார் 2.15 மீட்டர்தான். பெரிய போட்டிகளில் 3 மீட்டர் வழக்கம். ஆழம் குறைந்தால் அலை தரையில் மோதித் திரும்பும் என்பார்கள். "ஸ்லோ குளம்" என்ற பேச்சு முதல் நாளிலிருந்தே ஓடியது. அந்தக் குளத்தில்தான் சீனாவின் பான் சான்லே 46.40 விநாடியில் புதிய உலக சாதனை படைத்தார். இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் 1.08 விநாடி இடைவெளி. 100 மீட்டரில் அது இரண்டு மீட்டருக்கும் மேல்!

கூட்டமும் ஆட்டத்தில் உண்டு

மார்ஷான் பட்டர்ஃப்ளை முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி குளத்தில் இறங்கினார். இந்த முறை 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக். இதில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் தலை மேலே வரும், உள்ளே போகும். அவர் தலை மேலே வரும்போதெல்லாம் அரங்கமே ஒரே குரலில் கத்தியது. 2:05.85, இன்னொரு தங்கம். பட்டர்ஃப்ளை, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் இரண்டிலும் ஒரே ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்றவர் அதற்கு முன் யாரும் இல்லை.

சரி, இந்தியா?

இப்போது அந்த முதல் கேள்விக்கு வருவோம். தினிதி தேசிங்கு 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் எடுத்த நேரம் 2:06.96. தன் ஹீட்டில் அவர்தான் முதல், மொத்தத்தில் 23-வது இடம். அரையிறுதிக்கு முதல் 16 பேர்தான். ஃபைனலில் தங்கம் வென்ற நேரம் 1:53.27.

பதக்கம் வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இது வெறும் தோல்விச் செய்தி. நீச்சலைப் பார்க்கத் தெரிந்தவருக்கு, 14 வயதில் எங்கே இருக்கிறார், இன்னும் எத்தனை விநாடி தூரம் என்று புரியும். நாளை அவரோ வேறொருவரோ அதில் மூன்று விநாடி குறைத்தால், அது எவ்வளவு பெரிய விஷயம் என்றும் தெரியும். அன்றைக்குக் கைதட்ட ஆள் வேண்டாமா? அதற்குப் பழக, நம்ம ஆள் இல்லாத ஃபைனல்களும் நல்ல இடம்தான்.