ஏரி ஒன்று, கிணறு பல

உலகில் ஏழைகள் எத்தனை பேர் என்று அறிய உலக வங்கி ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. நாளொன்றுக்கு மூன்று டாலர் பெறுமானமுள்ள பொருள்களைக்கூடப் பெற இயலாதவர் கடும் வறுமையில் உழல்பவர் என்று 2025-ஆம் ஆண்டில் அது கோடு வகுத்தது. அக்கோட்டின் கீழ் ஏறத்தாழ 80 கோடி மக்கள் இருக்கின்றனர். நம் நாட்டின் நிதி ஆயோக் வேறு முறையைக் கையாளுகிறது. உணவு, கல்வி, குடிநீர், கழிப்பறை, வீடு முதலிய பலவற்றைப் பார்த்து ஒரு குடும்பம் வறியதா இல்லையா என்று முடிவு செய்கிறது. 2023-இல் வெளியான அதன் அறிக்கைப்படி, நம் புதுவையில் வறியவர் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

இது மகிழ வேண்டிய செய்திதான். நம் பாட்டிமார் கேழ்வரகுக் கூழுக்கும் அல்லாடிய நாட்களைச் சொல்லக் கேட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஆனால் வறுமை குறைவது ஒன்று. செல்வருக்கும் எளியவருக்கும் இடையிலுள்ள தூரம் குறைவது வேறொன்று. முதலாவது நடக்கும்போதே இரண்டாவது நடவாமற் போகலாம். 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை, உலகச் செல்வத்தில் நூற்றுக்கு 76 பங்கு மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினரிடமும், வெறும் 2 பங்கு கீழ்ப்பாதி மக்களிடமும் இருப்பதாகக் கூறுகிறது. 1967-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், மக்களினங்களின் முன்னேற்றம் பற்றிய தம் சுற்றுமடலில், செல்வ நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இடையிலான இடைவெளி விரிந்துகொண்டே போவதைக் கண்டு கவலைப்பட்டார்.

இடைவெளி எப்படி விரிகிறது? அதைக் காண நாம் அயல்நாடு போக வேண்டுவதில்லை. பாகூர் வரை போனால் போதும்.

பாகூர் புதுவையின் நெற்களஞ்சியம். அதற்குக் காரணம் அதன் ஏரி. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாக நம் பகுதியில் பெரிய ஏரி இதுவே. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்கு நீர் வருகிறது. வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரிக்குச் சங்கராபரணியாற்று நீர் வருகிறது. இவ்வாறு ஆறு, வாய்க்கால், ஏரி, மதகு, வயல் என்று ஒன்றையொன்று பற்றி நின்றதே பழைய பாசனம். மழைக்கு முன் வரத்து வாய்க்காலைத் தூர்வாராவிட்டால் எல்லார் வயலும் காயும். ஆகவே பெரிய நிலக்காரரும் அரைக்காணி வைத்திருப்பவரும் ஒரே மதகைப் பார்த்தே நின்றனர். நிலமில்லாதவருக்கும் ஏரியில் ஏதோ ஒன்று கிடைத்தது: மாட்டுக்குத் தண்ணீர், கரைப் புல், கோடையில் மீன், துணி துவைக்க ஒரு துறை.

பழைய ஒழுங்கு நேர்மையானது என்று நாம் சொல்ல வரவில்லை. மதகடி நிலம் யாருக்கு, கடைமடை யாருக்கு என்பதைச் சாதியும் செல்வாக்கும் தீர்மானித்தன. சேற்றில் இறங்கியவர் சேரி மக்கள். முதலில் நீர் பாய்ந்தது வேறொருவர் வயலில். ஆயினும் ஏரியை ஒருவர் மட்டும் தமக்கென்று வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது உண்மை.

பிறகு மோட்டார் வந்தது. ஏற்றமும் கவலையும் இறைத்த இடத்தில் பம்புசெட்டு ஓடியது. புது நெல் விதைகள் அதிக நீர் கேட்டன. சம்பாவோடு நின்ற வயலில் சொர்ணவாரியும் நவரையும் விளைந்தன, கரும்பும் பரவியது. விளைச்சல் பெருகியது, பசி குறைந்தது. இதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் சொந்தக் கிணறு உடையவருக்கு ஏரியைப் பற்றிய கவலை விட்டுப்போயிற்று. தூர்வார ஆள் கூடவில்லை. ஏரி மேடிட்டது, நிலத்தடி நீர் இறங்கியது. நீர் இறங்க இறங்க, இன்னும் ஆழமாகத் துளைக்க வேண்டும். சில பத்து அடியில் கிடைத்த நீருக்கு இன்று நூற்றுக்கணக்கான அடி போக வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். துளைக்கக் கையில் பணம் வேண்டும். பணமுள்ளவர் ஆழ்குழாய் இறக்கி நீர்மூழ்கி மோட்டார் வைக்கிறார். அவர் ஆழத்தில் இழுக்கும்போது பக்கத்து வயலின் மேலாழக் கிணறு வற்றுகிறது. அந்த எளியவர் கடன் வாங்கித் துளைக்கிறார். நீர் கிடைக்காவிட்டால் கடன் மட்டும் மிஞ்சும். அல்லது மணிக்கு இவ்வளவு என்றோ, விளைச்சலில் இவ்வளவு பங்கு என்றோ பேசி, பக்கத்து நிலக்காரரிடமே நீர் வாங்குகிறார். நேற்று இருவருக்கும் பொதுவாய் இருந்த நீர் இன்று ஒருவர் விற்க, மற்றவர் வாங்கும் சரக்கு. மின்சாரச் சலுகையும் மோட்டார் வைத்திருப்பவருக்குத்தானே பயன்படும்! கடலோரச் சிற்றூர்களிலோ, நன்னீர் இறங்கிய இடத்தில் கடல்நீர் புகுந்து கிணறு உப்பாகிறது. இதில் யாரும் திருடவில்லை, யாரும் சட்டத்தை மீறவில்லை. அதனாலேயே இது கண்ணுக்குத் தெரிவதில்லை.

தொடக்க நூலில் ஈசாக்கு தம் தந்தை தோண்டி, பிறர் தூர்த்துவிட்ட கிணறுகளை மீண்டும் தோண்டுகிறார். நீர் எங்களுடையது என்று கெரார் மேய்ப்பர்கள் வழக்கிட, அவர் விலகி விலகி மூன்றாம் கிணற்றில்தான் அமைதி காண்கிறார். விலகிப் போக அவருக்கு இடம் இருந்தது. அரைக்காணிக்காரர் எங்கே விலகுவார்?

நம் நகரத்துப் பாரதி பூங்காவிலுள்ள ஆயி மண்டபம் எல்லாரும் அறிந்ததே. தன் மாளிகையை இடித்து அவ்விடத்தில் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதையும் கேட்டிருப்போம். முத்திரைப்பாளையத்து நீர் பிற்காலத்தில், பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்டபோது, புதுவை நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அந்த நினைவாகவே மண்டபம் எழுந்தது. தனிச் சொத்து பொதுநீரான கதை அது. பாகூரில் நாம் பார்த்தது அதற்கு நேர்மாறு.

திரும்பச் சீர் செய்யும் முயற்சிகளும் நடந்துள்ளன. 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய ஏரிகள் புனரமைப்புத் திட்டத்தில் புதுவைப் பகுதியின் 84 ஏரிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. தூர்வாரிக் கரை கட்டியதோடு, ஏரிதோறும் சங்கம் அமைத்து, நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமளிக்க முயன்றனர். நம் எண்ணத்தில் மண்வேலையைவிட இதுவே கடினமான வேலை. மண்ணை இயந்திரம் அள்ளிவிடும். போர் வைத்திருப்பவரைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வருவது எளிதன்று. இத்தனைக்கும் ஏரி நிறைந்தால் அதைச் சுற்றியுள்ள கிணறுகளில் நீர் ஏறும். அவருடைய போரும் அதில் அடக்கம்.

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவிகள் இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரலாம். நம் ஊர் ஏரி கடைசியாகக் கலங்கல் வழிந்தது எந்த ஆண்டு? அப்போது நம் கிணற்றில் எத்தனை அடியில் நீர் நின்றது? இப்போது நம் வயலுக்குப் பாயும் நீர் நம்முடையதா, விலைக்கு வாங்கியதா?