சேமலாப நிதியத்தின் முறி மாற்றம்: யார் விருப்பம்?

இலங்கையின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், ஊழியர் சேமலாப நிதியத்திடமிருந்த திறைசேரி முறிகளை மாற்றிக்கொள்வதற்கான காலக்கெடு 2023 செப்டம்பர் 11ஆம் திகதி முடிந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது: நாங்கள் எந்தப் படிவத்தில் கையொப்பமிட வேண்டும்? எதிலும் இல்லை. பணம் உங்களுடையது, முடிவெடுத்தது மத்திய வங்கியின் அப்போதைய நாணயச் சபை.

அரசு இதை விருப்பத்தின் பேரிலான மாற்றம் என்றது. அந்த விருப்பத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நிதியத்தின் முறி வருமானத்துக்கு அப்போது 14 வீத வரி. பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, 2027 முதல் 2038 வரை முதிர்வடையும் புதிய முறிகளை ஏற்றால் அந்த வரியே தொடரும் என்பது நிபந்தனை. புதியவற்றுக்கு வட்டி முதலில் 12 வீதம், பிறகு 9 வீதம். மறுத்திருந்தால் வரி 30 வீதமாகியிருக்கும்.

கடன்பட்டவரே வரிச் சட்டத்தையும் எழுதுகிறார். கடன் கொடுத்தவர் சம்மதிக்காவிட்டால் அவருடைய வட்டியில் வெட்டுகிறார். மாற்றிக்கொள்வதுதான் நட்டம் குறைந்த வழி என்று நிதியத்தைச் சொல்ல வைக்கவே அந்த 30 வீதம். அப்போது அரசுக்காக முறிகளை விற்றதும் மத்திய வங்கி, ஊழியர் பணத்தில் அவற்றை வாங்கியதும் மத்திய வங்கி. வர்த்தக வங்கிகளின் முறிகளோ இத்திட்டத்திலேயே இருக்கவில்லை. அவை ஏற்கெனவே அதிக வரி கட்டுகின்றன, அவை ஆட்டங்கண்டால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவர் என்றது அரசு. ஊழியருக்காக அரசு இப்படி வாதாடவில்லை.

உறுப்பினர்களின் மீதித் தொகை குறையாது, ஆகக்குறைந்தது 9 வீத வட்டி உண்டு என்பது அரசின் அப்போதைய வாக்குறுதி. 2022ஆம் ஆண்டுக்குக் கிடைத்ததும் 9 வீதமே. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்திருந்தது. தொகை குறையவில்லை, அதில் வாங்கக்கூடிய அரிசி குறைந்தது.

மற்றக் கேள்விகள்:

பணம் எடுக்கும் வயது மாறுமா? இல்லை, ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50.

திருமணத்துக்காக வேலையை விட்ட மகள் பணத்தைப் பெறலாமா? பெறலாம்.

முதலாளி பங்கு கட்டவில்லையென்றால்? சம்பளத்தில் கழிக்கும் 8 வீதத்தோடு தன் 12 வீதத்தையும் அவர் கட்டியே ஆகவேண்டும்; தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள்.

அரச ஓய்வூதியம் பாதிக்கப்படுமா? இல்லை, அது வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருவது.

கடற்றொழிலாளரும் வயற்காரரும்? அவர்களுக்கு இந்த நிதியம் இல்லை. 1987இல் விவசாயிகளுக்கும் 1990இல் கடற்றொழிலாளருக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் வந்தன. யுத்தமும் சுனாமியும் சேமிப்பைப் பறித்த இந்தக் கிழக்குக் கரையில், விலைவாசியோடு சேர்ந்து ஏறாத எந்த ஓய்வூதியமும் முதுமையைத் தாங்காது. அடுத்த சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அது.