வளர்ந்தவர்களுக்கு ஆட்டிசம் பரிசோதனை: யாரை நம்பலாம்?

அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தை மருத்துவ உலகம் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதில் முதலாவதாக வரும் சிறுவன் மிசிசிப்பியைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். மகனிடம் சிறுவயது முதல் கண்டவற்றையெல்லாம் அவனுடைய தந்தை 33 பக்கக் கடிதமாகத் தட்டச்சு செய்து கேனருக்கு அனுப்பியிருந்தார். டொனால்ட் வளர்ந்து, பட்டம் பெற்று, வங்கியில் வேலை பார்த்து, 2023-ல் தம் 89-ஆவது வயதில் காலமானார்.

ஆட்டிசம் பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடுவதில்லை. இருந்தும் நம் ஊரில் இன்றுவரை அது குழந்தைகள் சமாசாரமாகவே பார்க்கப்படுகிறது. கீரப்பாளையத்திலோ புவனகிரியிலோ முப்பது ஆண்டுகளுக்கு முன் பிறந்த, நன்றாகப் பேசிய, பரீட்சையில் மார்க் எடுத்த பிள்ளையை யாரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். ‘கூச்ச சுபாவம்’, ‘ஒரு மாதிரி’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர் வேலைக்குப் போய், திருமணம் முடித்து, சமாளிக்க முடியாமல் திணறும்போதுதான் கேள்வி எழுகிறது. 2013-ல் வெளியான அமெரிக்க மனநலக் கையேடும் இதை ஒப்புக்கொள்கிறது: அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்தாக வேண்டும், ஆனால் வாழ்க்கையின் சுமை கூடிய பிறகே அவை முழுதாகத் தெரியவரலாம்.

இந்த நேரத்தில் கைப்பேசியில் ஒரு தேர்வு கண்ணில் படும். பத்து நிமிடத்தில் மதிப்பெண் வந்துவிடும். அடுத்து, பணம் கட்டினால் ஒரே அமர்வில் சான்று தருவதாக ஒரு விளம்பரம் வரும். இங்கேதான் நிதானம் வேண்டும்.

பெரியவர்களுக்கான வினாப்பட்டியல்களில் பிரபலமானது கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஏ.கியூ. மொத்தம் 50 கேள்விகள். மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்று யோசிக்க அது உதவும். முடிவு சொல்ல உதவாது. பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், ஏ.கியூ. மதிப்பெண்ணை வைத்து யாருக்கு ஆட்டிசம் உறுதியாகும் என்று கணிக்க முடியவில்லை. பதற்றக் கோளாறு உள்ளவர்களும் அதில் உயர்ந்த மதிப்பெண் பெற்றார்கள். ஆகவே ஒரு வினாப்பட்டியலை மட்டும் நிரப்பச் சொல்லி அறிக்கை தரும் இடத்துக்கு உங்கள் பணம் போகக் கூடாது.

நம்பகமான பரிசோதனையில் மூன்று வேலைகள் நடக்கும்.

முதலாவது, பிள்ளைப் பருவ விசாரணை. அம்மாவையோ அக்காவையோ அழைத்து வரச் சொல்வார்கள். “புள்ளைக்கு ரெண்டு மூணு வயசு இருக்கும்போது, ஒரு சாமான் வேணும்னா வெரல நீட்டிக் காட்டுமா? இல்ல, உங்க கையப் புடிச்சு அதுகிட்ட இழுத்துட்டுப் போவுமா?” என்பது போன்ற கேள்விகள் வரும். தான் பார்ப்பதை அடுத்தவரும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் விரல் நீட்டிக் காட்டுவதில் இருக்கிறது. கையை ஒரு கருவிபோல் பிடித்து இழுப்பதில் அது தெரிவதில்லை. தேர்த் திருவிழா மேளத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியது, சட்டைக் காலரில் இருக்கும் லேபிளை வெட்டினால்தான் போட்டுக்கொண்டது, பள்ளிக்கு வழக்கமாகப் போகும் வழி மாறினால் அழுதது எல்லாம் இங்கே சான்றுகள். தனியாக எந்த ஒன்றும் ஆட்டிசத்தைக் காட்டிவிடாது. எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஊர்களுக்கு ஒரு பலம் உண்டு. வளர்த்த அம்மாச்சியும், அதே தெருவில் இருக்கும் சித்தியும், ஒன்றாம் வகுப்பு டீச்சரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரேங்க் கார்டு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, நேரடியாகக் கவனிப்பது. ஏ.டி.ஓ.எஸ் என்ற கருவியின் நான்காம் பகுதி சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கானது. முடிக்க 40 முதல் 60 நிமிடம் ஆகும். உரையாடல், கதை சொல்வது, உணர்வுகளைப் பற்றிப் பேசுவது என்று அது நகரும். இதைத் தமிழிலேயே, நம் பழக்கம் தெரிந்தவர் செய்ய வேண்டும். பெரியவர்கள் எதிரில் கண்ணைத் தாழ்த்திப் பேசுவது இங்கே மரியாதை. அது தெரியாதவர் அதையே அறிகுறியாகக் குறித்துவிடலாம்.

மூன்றாவது, மற்றவற்றைப் பிரித்துப் பார்ப்பது. சமூகப் பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு, ஓ.சி.டி., மனச்சோர்வு, பழைய அதிர்ச்சிகள் ஆகியவை வெளியே ஆட்டிசம்போலவே தோன்றலாம். ஆட்டிசத்தோடு சேர்ந்தும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ ஆட்டிசத்தை உறுதிசெய்யாது. ‘ஸ்கேனில் கண்டுபிடித்துவிடுவோம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

யாரிடம் போவது? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, கவுன்சிலின் பதிவேட்டில் சரிபாருங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு. கவுன்சலிங் டிப்ளமா மட்டும் படித்தவர் ஆட்டிசத்தை உறுதிசெய்யும் நிலையில் இல்லை. போனிலேயே இவற்றைக் கேட்கலாம்:

• பெரியவர்களைப் பரிசோதித்த அனுபவம் உண்டா, குழந்தைகளை மட்டும் பார்க்கிறீர்களா?
• மொத்தம் எத்தனை அமர்வு, எத்தனை மணி நேரம்?
• வீட்டார் ஒருவரிடம் பேசுவீர்களா?
• அறிக்கையில் முடிவோடு காரணமும் எழுதித் தருவீர்களா?
• பரிசோதித்த பிறகு ‘ஆட்டிசம் இல்லை’ என்று சொல்லி அனுப்பியவர்கள் உண்டா?

தனியாரிடம் போகுமுன் பக்கத்தில் இருப்பதையும் பாருங்கள். அண்ணாமலை நகரில் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது இப்போது கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. சென்னை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆனால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.க்குத் தனியார் அறிக்கை போதாது. அரசு நியமித்த மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். அதற்கான கருவி ஐ.எஸ்.ஏ.ஏ. அதில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கொள்வார்கள். வெளியே தெரியும் நடத்தையை எடைபோடும் கருவி என்பதால், ஆண்டுக்கணக்கில் பிறரைப் பார்த்துப் பழகி மறைத்து வந்தவர் அதில் குறைவாக மதிப்பெண் பெறக்கூடும். தனியார் அறிக்கை உங்களை நீங்களே புரிந்துகொள்ள, வேலையிடத்தில் விளக்கம் சொல்ல, சரியான உதவியைத் தேட. அரசுச் சான்று சலுகைகளுக்கு. ‘எங்கள் அறிக்கையை வைத்தே எல்லாம் வாங்கிவிடலாம்’ என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மேலே சொன்ன கேள்விகளில் கடைசிக் கேள்விதான் என் கணக்கில் முதன்மையானது. வருகிற எல்லாருக்கும் ‘ஆம்’ சொல்லும் இடத்தில் அந்த ‘ஆம்’-க்கு மதிப்பில்லை. பதற்றக் கோளாறோடு தவிக்கும் ஒருவருக்கு ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தால், சிகிச்சையில் தணியக்கூடிய துன்பத்தை அவர் பிறவிக்குணம் என்று நம்பிச் சுமப்பார். உண்மையிலேயே ஆட்டிசம் உள்ளவரை ‘நல்லாத்தானே பேசுறீங்க’ என்று திருப்பி அனுப்பினால், அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு இன்னும் பத்து வருடம் ஓட்டுவார். இரண்டுமே அநியாயம். காரணத்தோடு வரும் பதில் எதுவாக இருந்தாலும், அடுத்து யாரிடம் போக வேண்டும், வீட்டிலும் வேலையிலும் எதை மாற்ற வேண்டும் என்று அது சொல்லும். நீங்கள் கொடுக்கும் பணம் அதற்குத்தான்.