60க்கும் 55க்கும் நடுவே

டீயை எடுத்துக்கொள்ளுங்கள்; ஷேட் கார்டு கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். அமெரிக்காவில் ஹாலுக்குச் சாம்பல் நிறம் தேடுகிறவர்கள் அடிக்கடி வந்து முட்டிக்கொள்ளும் ஜோடி இது: ஷெர்வின்-வில்லியம்ஸின் அக்ரீயபிள் கிரே, பெஞ்சமின் மூரின் ரெவியர் பியூட்டர். இரண்டுமே பழுப்பு ஓடிய வெளிர் சாம்பல். கார்டில் பார்த்தால், எதை அடித்தால் என்ன என்றுதான் தோன்றும்.

விழுகிற வெளிச்சத்தில் சுவர் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதற்கு எல்.ஆர்.வி. என்று ஓர் எண் உண்டு. கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100. அக்ரீயபிள் கிரேவுக்கு 60, ரெவியர் பியூட்டருக்குச் சுமார் 55. ஜன்னல் சிறிதாக இருந்தால் இந்த ஐந்து உறுத்தும். மற்றபடி எண்ணை மறந்துவிடலாம்.

வம்பெல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும் சாயலில்தான். ரெவியர் பியூட்டருக்குள் பச்சை இருக்கிறது. அது எப்போது தலைகாட்டும் என்பதைப் பக்கத்தில் இருக்கும் பொருள்தான் தீர்மானிக்கும். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் 1824இல் சாயப் பிரிவின் பொறுப்பேற்ற வேதியியலர் செவ்ரலிடம், கருப்பு நூலில் ஆழமே இல்லை என்று புகார் வந்தது. சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நீல, ஊதா இழைகள்தான் கருப்பை வெளிறச் செய்திருந்தன. 1839இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். ஒரு நிறம் தன் எதிர்நிறத்தை அண்டையில் எழுப்பும். ஆகவே தரை சிவந்த மரமாக இருந்தால் ரெவியர் பியூட்டர் இன்னும் பச்சையடிக்கும். ஆரஞ்சு படிந்த ஓக் தரை என்றால் எந்தச் சாம்பலும் கொஞ்சம் நீலத்துக்குச் சாயும்.

வெளிச்சமும் சும்மா இருக்காது. அமெரிக்காவில் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அநேகமாக விழாது. வானத்து நீலம்தான் உள்ளே வரும். இரவில் 2700 கெல்வின் பல்பு போட்டால் அதே சுவர் மஞ்சள் பூசிக்கொள்ளும்.

அதனால் பழைய சுவரில் இரண்டையும் அருகருகே பட்டை அடித்துப் பார்க்காதீர்கள். ஒன்றின் சாயலை மற்றது கிளப்பிவிடும். பழைய பெயின்ட் வேறு நடுவில் புகுந்து குழப்பும். பெரிய அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, ஒவ்வொன்றாகத் தரையை ஒட்டி நிறுத்துங்கள். காலையில் ஒரு தடவை, பல்பைப் போட்டபின் ஒரு தடவை.

செந்தரை, வடக்கு ஜன்னல் என்றால் நான் அக்ரீயபிள் கிரேதான் சொல்வேன். தெற்கு வெயில் நிறைய வரும் ஹாலுக்கு ரெவியர் பியூட்டர் நன்றாக நிற்கும். எதை எடுத்தாலும் அந்த நிறுவனத்தின் டப்பாவையே வாங்குங்கள். வேறு கடையில் மெஷினில் கலந்து தருவது கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இங்கே சண்டையே அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தானே.